பிள்ளையின் பல்லைத் தேய்ப்பது எப்படி? நமுனுகுல பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பல்லைச் சூத்தையாக்குவது எப்படி என்று நமது தோட்டங்களில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. டொபி, கிரீம் பிஸ்கட், நாலு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, ராத்திரி வாயில் செருகிய பால் போத்தல் என்று அந்த வித்தையில் எப்போதோ கரைகண்டுவிட்டோம். ஆனால் சூத்தைப் பல்லில் பெரிய குறை ஒன்று உண்டு. அது வலிக்கும். நடுச்சாமத்தில் வலித்தால் லயமே விழித்துக்கொள்ளும். மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பசறைக்கோ பதுளைக்கோ பஸ் ஏறினால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஆகவே அழுகை இல்லாமல், வீக்கம் இல்லாமல், பக்கத்துக் காம்பராவுக்குக்கூடத் தெரியாமல் பல்லைக் கரைத்து முடிக்க ஒரு வழி தேவைப்படுகிறது. பல் தேய்மானம் என்பது அதுதான். பத்துப் பன்னிரண்டு வருடம் பொறுமை வேண்டும். கைச்செலவு அதிகமில்லை. அன்பு மட்டும் நிறைய வேண்டும். அன்பில்லாத வீட்டில் இந்த வேலை அவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை.

முதலில் எதைத் தேய்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பல்லின் வெளிப்போர்வை எனாமல். மனித உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் கிடையாது. எடையில் 96 வீதம் கனிப்பொருள். எலும்புகூட அதற்குப் பின்னால்தான். இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். எனாமலுக்கு இரண்டு பலவீனம் இருக்கிறது. அமிலம் ஏறி, வாயில் உள்ள ஈரத்தின் பி.எச். பெறுமானம் ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். அடுத்தது, அதைக் கட்டிய செல்கள் பல் வெளியே முளைக்கும்போதே வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி சில மாதத்தில் திரும்பக் கொழுந்து விடும். எனாமலில் வெட்டியது வெட்டியதுதான். எச்சில் கொஞ்சம் கல்சியத்தைக் கொண்டுவந்து மென்மையான இடத்தை இறுக்கப் பார்க்கும். உதிர்ந்துபோன இடத்தை அதனாலும் கட்ட முடியாது.

கருவிகள் மூன்று. அமிலம் ஒன்று, பல்லோடு பல் உரசுவது ஒன்று, வெளியிலிருந்து வரும் பிரஷ், கரி, பாக்கு போன்றவை ஒன்று. ஒன்றை மட்டும் நம்பி இறங்குபவர்கள் ஏமாந்து போவார்கள். சும்மா மென்று தின்பதால் மட்டும் கடைவாய்ப் பல்லின் எனாமல் வருடத்துக்கு 30 மைக்ரோன் அளவில்தான் குறைகிறது. ஒரு மில்லிமீற்றர் போக முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிடும். ஆகவே அமிலத்தால் முதலில் ஊறவைக்க வேண்டும், பிறகு தேய்க்க வேண்டும். துணி துவைக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிறப்பதற்கு முன்

இந்தக் கட்டத்தில் பெற்றோர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வேறு ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பால்பல்லின் எனாமல் தாயின் வயிற்றில் நாலாம் மாதமளவில் உருவாகத் தொடங்குகிறது. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்கான வேலை பிறக்கும் நேரத்தில் ஆரம்பிக்கிறது. அந்த மாதங்களில் தாய்க்கும் பிள்ளைக்கும் சாப்பாடு எப்படி இருந்ததோ, அந்தக் கணக்கு எனாமலில் எழுதப்பட்டுவிடும். நிறை குறைந்து பிறந்து, சத்துக் குறைவோடு வளரும் பிள்ளைகளுக்கு எனாமல் மெலிந்தும் குழி விழுந்தும் அமைய வாய்ப்பு அதிகம். 2016ஆம் வருடத்து மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 32 வீதம். மெலிந்த எனாமல் தேய்ப்பதற்கு எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஆரம்ப உதவிக்காக 150 வருடத்துச் சம்பளப் பட்டியல்களுக்கு நாம் நன்றி சொல்லியாக வேண்டும்.

இறங்கிப்போனால் மொனராகலைப் பக்கத்தில் இன்னொரு வசதியும் உண்டு. அங்கே பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் அளவு மிஞ்சியிருக்கிறது. அது மிஞ்சினால் எனாமல் புள்ளி விழுந்து, பழுப்பேறி, மோசமான பிள்ளைகளுக்குச் செதில் செதிலாக உதிரும். மலையில் ஊற்றுத் தண்ணீர் குடிக்கும் நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாம் உழைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை

முதல் பல் ஆறு மாதமளவில் எட்டிப்பார்க்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபது பால்பல்லும் வரிசை கட்டிவிடும். இவற்றின் எனாமல் பெரிய பல்லின் எனாமலில் பாதிக் கனம்தான். அதைவிட இலகுவாகக் கரையவும் செய்யும். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

செய்முறை இதுதான். போத்தலில் பாலுக்குப் பதிலாகத் தோடம்பழச் சாறோ கோர்டியலோ கரைத்துக் கொடுங்கள். "பழம்தானே, சத்து" என்று அக்கம்பக்கமும் மெச்சும். பிபிலைத் தோடம்பழத்துக்குப் பேர்போன ஊவாவில் பிள்ளை சாறு குடிக்காவிட்டால் எப்படி? முழுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிடாதீர்கள். சுளையை மென்று தின்றால் எச்சில் ஊறும். ஊறிய எச்சில் அமிலத்தைத் தணித்துவிடும். போத்தலே நல்லது. அதுவும் தூங்கப் போகும் நேரத்தில் மிகவும் நல்லது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கடைசியாகப் பல்லில் பட்டது விடியும்வரை தன் வேலையைப் பார்க்கும். அம்மா காலையில் மலைக்குப் போகும் முன் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போகும் கைப்பையிலும் அதே போத்தலை வைத்துவிடுங்கள். பிள்ளை அழாது. பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் வேலை மிச்சம்.

சில மாதத்தில் முன்பல்லில் ஒரு மாற்றம் தெரியும். புதுப் பல்லின் மேலிருக்கும் மெல்லிய வரிகள் மறைந்து, பல் வழவழவென்று கண்ணாடிபோல் ஆகும். இதுதான் தேய்மானத்தின் முதல் அடையாளம். பல் மருத்துவர்கள்கூடக் காய்ந்த பல்லில் நல்ல வெளிச்சம் அடித்துப் பார்த்தால்தான் கண்டுபிடிப்பார்கள். அப்பாயி கண்டுபிடிக்க மாட்டார்; "எம்புட்டு பளபளப்பு, முத்து மாதிரி" என்பார். அப்படியே நம்புங்கள்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்தது என்று பெருமைப்பட வேண்டாம். பிரித்தானியாவில் 2013இல் பிள்ளைகளின் பல்லைச் சோதித்தபோது, ஐந்து வயதுப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல்வரிசை முன்பால்பல்லின் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. நம் தேயிலையைக் குடித்துவிட்டு நம்மையும் முந்தப் பார்க்கிறார்கள்.

இரவில் பிள்ளை பல்லை நறுநறுவென்று கடிக்கும். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்: "வயித்துல பூச்சி" என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் உள்ள உறவு இதுவரை உறுதியாகவில்லை. ஆனால் மருந்து கொடுத்தால் ஏதோ செய்த திருப்தி கிடைக்கும். உண்மையில் சின்ன வயதில் பல் கடிப்பது மிகச் சாதாரணம். பால்பல்லின் நுனி கொஞ்சம் தட்டையாவதும் சாதாரணம். பெரிய பல் வர வர அநேகம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் தானாகவே நின்றுபோகும். இங்கேதான் உங்கள் திறமை தேவை. அமிலத்தில் ஊறிய பல்லை அமிலத்தில் ஊறிய பல்லோடு கடித்தால் சாதாரணம் சாதாரணமாக இருக்காது. ஆகவே பூச்சி மருந்தைக் கொடுத்துவிட்டு, கசப்புப் போக ஒரு கப் கோர்டியலும் கொடுத்துப் படுக்கவையுங்கள்.

நெஞ்செரிச்சலோடு அடிக்கடி வாந்தியெடுக்கும் பிள்ளையானால் உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. வயிற்று அமிலம் எந்தக் கடைச் சாமானையும்விடக் கடுமையானது. மேல்வரிசை முன்பல்லின் உட்பக்கம், அதாவது நாக்குப் படும் பக்கம், முதலில் போகும். யாரும் பார்க்காத இடம்.

இந்தக் காலம் முழுக்க உங்களைத் தாங்கிப்பிடிக்கப் போகும் ஒரு வசனம் உண்டு. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "விழப்போற பல்லுதானே." இதை எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் எதிர்ப்பு வராது. ஜெர்மனியில் கீசன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் சிலர் மட்டும் முணுமுணுத்திருக்கிறார்கள். பல் வரிசை திருத்த வந்த 1000 பிள்ளைகளின் பல் அச்சுகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அதில் 265 பேருக்கு ஐந்து வருடம் கழித்து எடுத்த அச்சும் கையில் இருந்தது. பால்பல்லில் அமிலத் தேய்மானம் இருந்த பிள்ளைகளுக்குப் பெரிய பல்லிலும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.9 மடங்கு என்று 2001இல் எழுதினார்கள். விழுந்தது பல், பழக்கம் விழவில்லை. நமக்கு வேண்டியதும் அதுதானே.

ஆறு வயது

இந்த ஒரு வயதுக்குத் தனித் தலைப்புப் போட்டிருக்கிறேன், அவ்வளவு முக்கியம். ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு புதுக் கடைவாய்ப் பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. எந்தப் பல்லும் விழாததால் அது பால்பல் என்றே வீட்டில் நினைப்பார்கள். அது சாகும்வரை இருக்க வேண்டிய பல். அந்த உண்மையைப் பிள்ளையிடமிருந்து மட்டுமல்ல, உங்களிடமிருந்தும் மறைத்துவையுங்கள்.

புதிதாக முளைத்த பல்லின் எனாமல் முழுதாக இறுகியிருக்காது. எச்சிலிலிருந்து கனிப்பொருளை வாங்கி முற்றுவதற்கு ஓரிரு வருடம் எடுக்கும். அதற்குள் அமிலம் போய்ச் சேர வேண்டும். கவலை வேண்டாம், சரியாக அதே வயதில்தான் பிள்ளை ஸ்கூலுக்குப் போகிறது, ஸ்கூல் வாசலில் அச்சாறுக் கடை இருக்கிறது.

வெரளிக்காய், அம்பரெல்லா, நெல்லிக்காய், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய், வினாகிரியில் ஊறிய அன்னாசி. எழுதும்போதே எனக்கு வாய் ஊறுகிறது. அந்த ஊறல்தான் சிக்கல்: உப்பும் உறைப்பும் சேர்ந்து எச்சிலைக் கொட்டவைக்கின்றன, எச்சில் பல்லைக் காப்பாற்றப் பார்க்கிறது. எப்போதோ ஒருநாள் ஒரு பை அச்சாறு தின்று, தண்ணீர் குடித்துவிட்டு ஓடும் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆகவே தினமும் தின்னப் பழக்குங்கள். பையின் அடியில் நிற்கும் வினாகிரியை உறிஞ்சிக் குடிப்பதையும் பழக்குங்கள். தேசிக்காய்ப் பாதியை உப்புத் தொட்டு முன்பல்லால் சுரண்டும் வித்தையை மூத்த அக்காமார் சொல்லிக்கொடுப்பார்கள். தேசிச்சாற்றின் பி.எச். 2க்கும் 2.5க்கும் இடையில் நிற்கும். இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு புளிப்பு என்று அர்த்தம். அதிலுள்ள சிற்றிக் அமிலத்துக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனம் உண்டு: பல்லைக் கரைப்பதோடு நில்லாமல் கல்சியத்தைக் கையோடு பிடித்துக்கொண்டும் போகும். மென்று தின்னும் விட்டமின் சீ மாத்திரையை மிட்டாய்போல் சப்பக் கொடுப்பதும் இதே வகைதான். மருந்து என்று பேர் வேறு.

புளிப்பானது எல்லாம் வேலை செய்யும் என்று நினைத்துத் தயிரில் நேரத்தை வீணாக்காதீர்கள். எருமைத் தயிர் புளிக்கும், பி.எச். நாலளவில்தான் இருக்கும். ஆனால் அதில் கல்சியமும் பொஸ்பேற்றும் நிறைந்திருப்பதால் பல்லிலிருந்து எதையும் எடுக்காது. தயிர் தின்று பல் தேய்ந்த பிள்ளையை நீங்கள் காண முடியாது. ஊவாவில் இவ்வளவு நல்ல தயிர் கிடைப்பது நமக்கு ஒரு தடைதான்.

பத்து முதல் பதினான்கு

இனி சோடா.

ஊருக்கு வரும் சொந்தக்காரர் ஒரு பிஸ்கட் பக்கெட்டும் ஒன்றரை லீற்றர் போத்தலும் இல்லாமல் லயத்துப் படி ஏறுவதில்லை. கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் தீபாவளிக்கு வந்தால் இரண்டு போத்தல். சடங்கு வீட்டில், கல்யாண வீட்டில், திருவிழாவில் தட்டில் வைத்து நீட்டுவதும் அதுதான். மத்திய கிழக்கில் வேலை பார்க்கும் அம்மா அனுப்பும் காசில், அம்மா பக்கத்தில் இல்லாத குறையை அப்பாயி எப்படித்தான் தீர்ப்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் போத்தல் இங்கே வெறும் பானம் இல்லை. வந்த மனிதரின் மரியாதை.

கோலா வகையின் பி.எச். 2.5 அளவில் இருக்கும். மற்ற நிறங்கள் அதற்குக் கொஞ்சம் மேலே. அளவைவிட முக்கியம் குடிக்கும் விதம். ஒரே மூச்சில் சாப்பாட்டோடு குடித்து முடித்தால் எச்சில் கொஞ்ச நேரத்தில் வாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே சிறு போத்தலில் ஊற்றிக் கொடுத்து, டியூஷன் முடியும்வரை மிடறு மிடறாகக் குடிக்கச் சொல்லுங்கள். வாயில் வைத்துக் கொப்பளித்து, நுரையை ரசித்து விழுங்கினால் இன்னும் விசேஷம். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் தொண்டை காய்ந்திருக்கும், உதடு வெடித்திருக்கும், மைதானத்தில் கிரிக்கெட் இரண்டு மணி நேரம் நடக்கும். வாய் காய்ந்திருக்கும்போது கொடுக்கும் சோடாவுக்கு எதிர்ப்பே கிடையாது. பல நாட்டு ஆய்வுகளில் இந்த வயதில் பையன்களின் பல் பெண்பிள்ளைகளின் பல்லைவிட அதிகம் தேய்ந்திருப்பது சும்மா இல்லை.

அரசாங்கம் 2016 ஆகஸ்டிலிருந்து போத்தல்களில் வட்டம் போடச் சொல்லியிருக்கிறது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடையில் மஞ்சள். பொறுப்பான பெற்றோர் பச்சை வட்டம் பார்த்து, சீனி இல்லாத கோலாவை வாங்குங்கள். சீனி இல்லை, அமிலம் அப்படியே இருக்கிறது. பச்சை வட்டத்தைப் பார்த்துப் பல் ஏமாறுவதில்லை, நாம்தான் ஏமாறுகிறோம்.

சோடா குடித்த உடனே பல் விளக்கச் சொல்லுங்கள். சுத்தம் சோறு போடும். மேற்பரப்பு மென்மையாக இருக்கும் அந்த நேரத்தில் முரட்டு பிரஷை வாங்கிக் கொடுத்து, கை நோகும்வரை தேய்க்கவிட வேண்டும். பிரஷ் இல்லாத வீட்டில் அடுப்புக்கரியும் உப்பும் இருக்கவே இருக்கின்றன. செங்கல் தூளும் ஒரு காலத்தில் நம் லயங்களில் புழங்கியதுதான். பழைய காலத்து ஆட்களைக் கிண்டல் செய்யத் தேவையில்லை. அதே கரியைக் குழாயில் அடைத்து, வெண்மை தரும் பற்பசை என்று மூன்று மடங்கு விலைக்கு நகரத்தில் விற்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நமுனுகுல உங்களை ஏமாற்றிவிடும். சுற்றிவரத் தேயிலை. லயத்து வாசலிலிருந்து மலை உச்சிவரை தேயிலை. அதைக் கொண்டு ஏதாவது செய்யலாம் என்று ஆசைப்படுவீர்கள். வெறும் சாயத்தண்ணியின் பி.எச். ஐந்தளவில் நிற்கும், அமிலத்தின் கனமும் மிகக் குறைவு. போதாக்குறைக்கு இலையிலேயே புளோரைட் இருக்கிறது. பல்லில் கறை பிடிக்கும், அவ்வளவுதான். பல்லைக் கரைக்க அதனால் ஆகாது. நாம் கொழுந்து எடுத்து உலகத்துக்கு அனுப்பும் பானம் பல்லுக்குக் கேடில்லாதது. உலகம் நமக்குப் போத்தலில் அடைத்து அனுப்பும் பானம்தான் கேடு. வேண்டுமானால் சாயத்தண்ணியில் நிறையத் தேசிக்காய் பிழிந்து முயன்று பாருங்கள். இல்லாவிட்டால் தேசிச்சுவை கலந்து போத்தலில் வரும் ஐஸ் டீயை வாங்குங்கள், தேயிலைத் தோட்டத்துக் கடையிலேயே கிடைக்கும்.

பதினைந்துக்கு மேல்: அறுவடை

இப்போது பலனைப் பார்க்கலாம். முன்பல்லின் நுனி கண்ணாடிபோல் ஊடுதெரியும். நாக்கின் கருமை அந்த வழியாக நிழலாடும். பிறகு நுனி மெல்லிய பீங்கான் விளிம்புபோல் சிறுசிறு சில்லாக உடையும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேடுகள் மழுங்கி, ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் சிறு குழி விழும். குழிக்குள் மஞ்சள் தெரிந்தால் அது கறை இல்லை. எனாமல் முடிந்து உள்ளே இருக்கும் டென்டின் வெளியே வந்துவிட்டது. டென்டின் எனாமலைவிட மென்மையானது. இனி வேலை தானாக வேகம் பிடிக்கும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். மஞ்சளைப் பார்த்த பிள்ளை இன்னும் அழுத்தித் தேய்க்கும். அதுவும் நல்லதற்கே.

சாதாரண தரம், உயர்தரம் என்று பரீட்சைகள் நெருங்கும்போது விடிய விடியப் படிக்க எனர்ஜி பானம் ஒன்று போதும். மனப் பாரத்தில் பல் கடிப்பதும் திரும்பி வரும். பையன்கள் சிலர் பாக்கு மெல்லப் பழகுவார்கள். கொட்டைப்பாக்கின் கடினத்தை மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாய்ப்புற்றுக்கும் அதுவே வழி என்பதால் பல்லோடு நிற்காத ஒரு திட்டம் அது. இதை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை.

பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அறிய ஒரு பரீட்சையும் உண்டு. 2008இல் ஐரோப்பியப் பல் மருத்துவர்கள் சிலர் வகுத்த முறை. வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமாகத் தேய்ந்த பல்லுக்குப் புள்ளி போட வேண்டும். தேய்மானம் இல்லையென்றால் 0. மேற்பரப்பின் வரி மட்டும் மறைந்திருந்தால் 1. கண்ணுக்குத் தெரியும் குறை, ஆனால் பரப்பில் பாதிக்குக் குறைவு என்றால் 2. பாதியும் அதற்கு மேலும் என்றால் 3. மொத்தம் 18. கணிதத்தில் பதினெட்டு வாங்காத பிள்ளை இதில் வாங்கலாம். அடையாள அட்டைப் படத்துக்குப் பல்லைக் காட்டத் தேவையில்லை என்பதால் நாட்டுக்கும் நட்டமில்லை.

நம் பல்லை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மலையக வாய்க்குள் உலகம் நாற்பது வருடம் எட்டிப் பார்த்திருக்கிறது. 1970இல் நோர்வே நாட்டு ஹெரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் இங்கே இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பல் துலக்கும் பழக்கமோ சிகிச்சையோ இல்லாத வாயில் ஈறு நோய் தன்பாட்டில் எப்படிப் போகும் என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோவில் படித்தவர்கள் ஒரு கூட்டம். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களும் இங்கே அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 1985வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். எட்டு வீதத்தினருக்கு நோய் வேகமாக, 81 வீதத்தினருக்கு நடுத்தரமாக, 11 வீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது என்று 1986இல் எழுதினார்கள். 2010இல் மிச்சமிருந்தவர்களை இன்னொரு குழு தேடிப்பிடித்துப் பார்த்தது. இன்று உலகத்தில் ஈறு நோய் படிக்கும் மாணவர்களுக்கு நம் தாத்தாமாரின் வாயைத் தெரியும்.

அந்த 1986ஆம் வருடத்துக் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: இந்தத் தொழிலாளர்களுக்குச் சூத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை, விழுந்த பல்லெல்லாம் ஈறு நோயால் விழுந்தவையே. பிரஷ் பார்க்காத வாய், பல் மருத்துவர் பார்க்காத வாய், பல் மட்டும் கெட்டி. ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி சாப்பிட்ட வாய் அது. அதே லயங்களில் இன்று பேரப்பிள்ளைகள் பச்சை வட்டப் போத்தலோடு திரிகிறார்கள். முன்னேற்றம் இல்லையென்று யார் சொன்னது?

இந்த வழிகாட்டியைக் கெடுக்கும் ஆட்கள்

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை ஒரு குவளைத் தண்ணீரில் கெடுத்துவிடும் பெற்றோரும் நமுனுகுலவில் இருக்கிறார்கள். அச்சாறு தின்ற பிள்ளையை வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள். பல் விளக்குவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவார்கள். சோடாவைத் தினமும் வாங்காமல், வந்த அன்றைக்குச் சாப்பாட்டோடு குடித்து முடிக்கவைத்துப் போத்தலை எறிந்துவிடுவார்கள். ராத்திரி தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்க மாட்டார்கள். மென்மையான பிரஷில் புளோரைட் பற்பசையை, மூன்று வயதுக்குள் அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு வைப்பார்கள். ஆறு மாதத்துக்கொருமுறை பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, போனில் பல்லைப் படம் பிடித்துப் பழைய படத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். தேய்மானம் ஒரு நாளில் தெரியாது, இரண்டு படத்துக்கு நடுவில் தெரிந்துவிடும். இப்படிப்பட்டவர்களோடு பிள்ளையைச் சேரவிடாதீர்கள்.

இவர்களைவிட ஆபத்தானவர் பாடசாலைப் பல் சிகிச்சையாளர். நியூசிலாந்து முறையைப் பின்பற்றி 1955இலிருந்து மகரகமவில் பயிற்சி கொடுத்து அனுப்பப்படுகிறவர்கள். பிள்ளையின் வாயைத் திறந்து பார்ப்பதே அவர்களுக்கு வேலை, காசும் கேட்பதில்லை. உங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவர் வருவது அபூர்வமென்றால் அதிர்ஷ்டம்தான். வந்தாலும் அவருடைய பொறுப்பு பொதுவாகப் பதின்மூன்று வயதோடு முடிந்துவிடும். எனர்ஜி பானமும் பாக்கும் கைக்கு வருவது அதற்குப் பிறகுதான். ஆகவே பதின்மூன்றுக்கு மேற்பட்ட பிள்ளையைப் பெற்றோர்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் பல் பகுதி இருக்கிறது, இலவசம். பல் நுனி கண்ணாடிபோல் தெரிந்தாலோ, கடைவாய்ப் பல்லில் மஞ்சள் குழி கண்டாலோ, வலி வரும்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.